சிங்கப்பூர்ல அம்மா, பிள்ளைங்களோட குறைஞ்ச செலவுல எங்க தங்குறது, எங்க சாப்பிடுறது?

உறையூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். மே மாச லீவுல குடும்பத்தோட சிங்கப்பூர் கிளம்புறோம். நான், மனைவி, அம்மா, பிள்ளைங்க ரெண்டு பேரு, பெரியவளுக்கு 11 வயசு, சின்னவனுக்கு 5. திருச்சில இருந்து நேரா ஃப்ளைட் இருக்கறதால போக வர டிக்கெட் கட்டுபடியாகுற விலைல கிடைச்சிருச்சு, விசாவும் ஏஜென்ட்கிட்ட குடுத்தாச்சு. இப்ப ஹோட்டல் பாக்க உக்காந்தா தலையே சுத்துது. அஞ்சு பேருன்னு போட்ட உடனே ரெண்டு ரூம் எடுன்னு சொல்லுது, ரெண்டு ரூம்னா சுமாரான இடத்துலயே ராத்திரிக்கு பதினஞ்சாயிரம் இருபதாயிரம்னு காட்டுது. அதுக்கு மேல சாப்பாடு வேற இருக்கு. அம்மா சுத்த சைவம், கறி மீன் சமைக்கிற கடைல கை நனைக்க மாட்டாங்க. சின்னவன் காரம்னா தொடவே மாட்டான். அம்மாவுக்கு முட்டி வலி, நெறைய நடக்க வைக்க முடியாது. அம்மாவை வெளிநாடு கூட்டிட்டுப் போகணும்ங்கறது ரொம்ப நாள் ஆசை, அதனால பணத்தைப் பாத்து அவங்களுக்கு கஷ்டம் குடுத்துடக் கூடாதுன்னும் இருக்கு. அங்க இருக்கறவங்க, போயிட்டு வந்தவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

தேக்காப்பக்கம்:

வாங்க தம்பி. நான் இங்கயே பொறந்து வளந்தவன், வீடு ஃபேரர் பார்க் பக்கம். ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு வருஷா வருஷம் ரூம் பாத்துக் குடுக்கிற அனுபவத்துல சொல்றேன். சிங்கப்பூர்ல சாப்பாட்டுக்கு பயப்படாதீங்க, தங்குறதுதான் காசு. சின்ன ஹோட்டல்லயே ரெண்டு பேர் ரூம் 110, 130 வெள்ளி ஆயிடும், நல்ல நாள் பெரிய நாள்னா இன்னும் ஏறும், கார் ரேஸ் நடக்குற செப்டம்பர், அக்டோபர் வாரத்துல கேக்கவே வேணாம். (வெள்ளின்னா இங்க டாலர், உங்க கணக்குல சுமார் 70 ரூபான்னு வச்சுக்குங்க.)

நீங்க தேட வேண்டிய ஏரியா மூணு: ஃபேரர் பார்க், ஜாலான் புசார், லவெண்டர். மூணுமே லிட்டில் இந்தியாவுக்கு பக்கம், ஆனா சிராங்கூன் ரோட்டு மேலயே இருக்கற ஹோட்டலை விட சத்தம் கம்மி. எம்ஆர்டி (இங்க ஓடுற மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல இருந்து எவ்வளவு தூரம்னு மேப்ல நடந்து போற மாதிரி வச்சுப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல காட்டுனா அம்மாவுக்காக விட்டுடுங்க. இங்க வெயில் மட்டும் இல்ல, காத்துல ஈரம் அதிகம், வயசானவங்க பத்து நிமிஷம் நடந்தாலே சோர்ந்துடுவாங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாக்கணும். ஒன்னு ஜன்னல். இங்க மலிவு ரூம்ல பாதிக்கு மேல ஜன்னலே கிடையாது, ரூம் பேருக்குக் கீழ சின்ன எழுத்துல 'ஜன்னல் இல்லை'ன்னு போட்டிருப்பாங்க, பத்து இருபது வெள்ளி கம்மியா இருக்கறது அதனாலதான். தனியா வர்ற பையனுக்கு பரவால்ல, பிள்ளைங்களும் பாட்டியும் மதியம் வந்து படுக்குற ரூமுக்கு ஜன்னல் வேணும். ரெண்டாவது லிஃப்ட். பழைய கடைவீடுங்களை மாத்தி கட்டின ஹோட்டல்ங்க பாக்க அழகா இருக்கும், சிலதுல மாடிப்படி மட்டும்தான், அதுவும் செங்குத்தா. லிஃப்ட் இருக்கான்னு கேட்டு பதில் வந்த பிறகு பணம் கட்டுங்க.

மூணு பெரியவங்க ரெண்டு பிள்ளைங்கன்னா, 'ட்ரிப்பிள்' ரூம் ஒன்னு, 'டபுள்' ரூம் ஒன்னு எடுக்கறதுதான் நிம்மதி. நாலு பேர் ஃபேமிலி ரூம் சில ஹோட்டல்ல இருக்கு, அதுல 5 வயசுப் பையனை கூட சேத்துக்க விடுவாங்களான்னு ஹோட்டலுக்கே மெயில் போட்டு எழுத்துல வாங்கிக்குங்க. சொல்லாம கொள்ளாம அஞ்சு பேரா போய் நின்னா கவுண்டர்ல பிரச்சினை ஆகும், அம்மா முன்னாடி அந்த பேச்செல்லாம் வேணாம்.

பெசாவரம்:

கேலாங்ல ரூம் ரொம்ப சீப்பா காட்டுதே, அது எப்படி? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அங்கதான் தங்கினேன்னு சொன்னார், சாப்பாடு சூப்பர்னும் சொன்னார்.

தேக்காப்பக்கம்:

சாப்பாடு நல்லா இருக்கும், அது உண்மை. ஆனா கேலாங்ல சில லோரோங் (சந்து) சிவப்பு விளக்கு ஏரியா, ராத்திரி பிள்ளைங்களோட நடந்து வர்றப்ப நல்லா இருக்காது. ஆபத்துன்னு சொல்லல, இந்த ஊர்ல ராத்திரி ரெண்டு மணிக்கும் பொம்பளைங்க தனியா போகலாம், இருந்தாலும் பதினோரு வயசுப் பொண்ணு கூட வர்ற குடும்பத்துக்கு நான் அதை சொல்ல மாட்டேன். கிழக்குப் பக்கம்தான் வேணும்னா ஜூ சியாட், காத்தோங் பாருங்க, குடும்பம் குடும்பமா இருக்கற இடம், 2024ல அந்தப் பக்கம் புது எம்ஆர்டி லைனும் வந்துருச்சு. ஆனா சைவ சாப்பாட்டுக்கு நீங்க திரும்ப இங்கதான் வரணும்.

ஜோகூர்க்காரன்:

அண்ணே வணக்கம், நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியால, ஜோகூர் பாருல இருக்கேன். சிங்கப்பூர்ல ஒரு ராத்திரிக்கு குடுக்குற காசுல இங்க ரெண்டு ராத்திரி நல்ல பெரிய ரூம்ல தங்கலாம், குடும்ப ரூம் சுலபமா கிடைக்கும், சாப்பாடும் பாதி விலை. இந்தியாக்காரங்களுக்கு 2023 டிசம்பர்ல இருந்து மலேசியா வர விசா வேணாம். கடல் பாலம் ஒரு கிலோமீட்டர்தான், குவீன் ஸ்ட்ரீட்ல இருந்தும் கிராஞ்சி ஸ்டேஷன்ல இருந்தும் பஸ் இருக்கு. தினமும் ஆயிரக்கணக்கான பேர் இங்க தங்கி அங்க வேலைக்குப் போறாங்க. யோசிச்சுப் பாருங்க.

கோவை_அம்மிணி:

ஜோகூர் அண்ணா சொல்றது விலைக் கணக்குல சரிங்க, ஆனா குழந்தையும் வயசானவங்களும் இருந்தா வேண்டாங்க. பாலத்துல ரெண்டு பக்கமும் இமிக்ரேஷன், ஒவ்வொரு தடவையும் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தூக்கி, படி ஏறி, வரிசைல நின்னு, திரும்ப பஸ் புடிக்கோணும். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சனி ஞாயிறும் மணிக்கணக்குல நிக்கோணும், தூங்குன குழந்தையைத் தோள்ல போட்டுட்டு நாங்க நின்னோமுங்க, அப்ப எங்க மாமியார் உக்கார ஒரு இடம் தேடுனது இன்னும் கண்ணுல நிக்குது. அதுவும் இல்லாம சிங்கப்பூர் விசா பல தடவை நுழையறதுக்குத் தந்திருக்காங்களான்னு பாக்கோணும், ஒரு தடவைதான்னா வெளிய போனா முடிஞ்சது. அரைவல் கார்டுன்னு ஆன்லைன்ல போடற நுழைவுப் படிவத்தையும் ஒவ்வொரு தடவையும் புதுசா போடோணும். மிச்சம் பண்ற காசுக்கு அரை நாள் போயிருமுங்க.

ஜோகூர்க்காரன்:

அக்கா சொல்றது ஞாயம்தான். கூட்ட நேரத்துல பாலம் ரொம்ப சிரமம், உட்லண்ட்ஸ் நார்த்ல இருந்து இங்க புக்கிட் சாகாருக்கு எல்லை தாண்டுற ஆர்டிஎஸ் ரயில் ஓட ஆரம்பிச்சா எல்லாம் மாறும். அப்ப இப்படி சொல்றேன், இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் உதவும்: தினமும் போயிட்டு வர்றது வேணாம். சிங்கப்பூர்ல இறங்கி சில நாள் பாத்துட்டு, ஒரேயடியா பாலம் தாண்டி ஜோகூர், மலாக்கா, கோலாலம்பூர்னு போய், கோலாலம்பூர்ல இருந்து திருச்சிக்கு ஃப்ளைட் ஏறிடுங்க. விலை அதிகமான ஊர்ல ராத்திரி கம்மியாகும், பிள்ளைங்களுக்கு ரெண்டு நாடு பாத்த மாதிரியும் ஆகும். டிக்கெட் எடுக்காதவங்களுக்கு இதுதான் நல்ல வழி. உறையூர் அண்ணன் ரிட்டர்ன் டிக்கெட்டும் சிங்கப்பூர்ல இருந்து எடுத்துட்டாரு, அதனால அவருக்கு சிங்கப்பூரே சரி.

உறையூர்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஜோகூர் வேணாம்னு வீட்டுல முடிவு பண்ணிட்டோம். இன்னொரு சந்தேகம். ஃபேஸ்புக் குரூப் ஒன்னுல ஒருத்தர் வீவக வீடு (அரசாங்க அடுக்குமாடி வீடு) முழுசா தர்றேன், ரெண்டு பெட்ரூம், கிச்சன் இருக்கு, சமைச்சுக்கலாம், நாளைக்கு 140 வெள்ளிங்கறார். அம்மாவுக்கு வீட்டு சாப்பாடே கிடைக்கும்னு மனைவிக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. அட்வான்ஸ் அனுப்ப சொல்றார்.

தேக்காப்பக்கம்:

அனுப்பாதீங்க தம்பி. தயவு செஞ்சு அனுப்பாதீங்க.

வீவக வீட்டை ஆறு மாசத்துக்குக் குறைவா வாடகைக்கு விடக் கூடாது. காண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடி வீடுன்னா குறைஞ்சது மூணு மாசம். சுற்றுலா வர்றவங்களுக்கு நாள் கணக்குல விடறது சட்டப்படி தப்பு, பக்கத்து வீட்டுக்காரங்க புகார் குடுத்தா அதிகாரிங்க வந்து கதவைத் தட்டுவாங்க. வீட்டுக்காரருக்கு அபராதம், உங்களுக்கு ராத்திரியோட ராத்திரியா தங்க இடம் இருக்காது. இது அந்த ஆள் உண்மையான ஆளா இருந்தா. பாதிப் பேர் வீடே இல்லாம படத்தை மட்டும் போட்டு அட்வான்ஸ் வாங்கிட்டு காணாம போறவங்க. போன வருஷம் காரைக்குடில இருந்து வந்த ஒரு குடும்பம் பெட்டியோட பிளாக் கீழ உக்காந்திருந்ததை நான் நேர்லயே பாத்தேன், அவங்க போட்டிருந்த வீட்டு நம்பர் அந்த பிளாக்லயே இல்ல. எங்க கோயில்ல சொல்லி அன்னிக்கு ராத்திரிக்கு ஏற்பாடு பண்ணினோம். அந்த அம்மா அழுத அழுகை மறக்க முடியாது.

சொந்தக்காரங்க வீட்டுல காசு குடுக்காம விருந்தாளியா தங்கறது வேற விஷயம், அது தாராளமா செய்யலாம். காசு குடுத்துத் தங்குறதுன்னா லைசென்ஸ் உள்ள ஹோட்டல், ஹாஸ்டல் மட்டும்தான். ஹாஸ்டல்ல சிலதுல குடும்பத்துக்கு தனி ரூம் உண்டு, பொது சமையலறையும் இருக்கும், ஆனா சின்னப் பிள்ளைங்களை சில இடத்துல சேத்துக்க மாட்டாங்க, கேட்டுக்குங்க.

உறையூர்வாசி:

நல்லவேளை கேட்டேன் அண்ணே. அந்த ஆளுக்கு வேணாம்னு சொல்லிட்டேன். அப்ப சமையல் இல்லாம அம்மாவை எப்படி சமாளிக்கறது?

கோவை_அம்மிணி:

நான் சொல்றனுங்க. எங்க மாமியாரும் அதே மாதிரிதானுங்க.

ஹோட்டல் ரூம்ல சமைக்கக் கூடாது, எலக்ட்ரிக் அடுப்பு, ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போகாதீங்க, புகைக்கு அலாரம் அடிச்சுரும். ஆனா பெரும்பாலும் ரூம்ல கெட்டில் இருக்குமுங்க. அந்தக் கெட்டில் ஒன்னு போதும் காலை சாப்பாட்டுக்கு. நான் கெட்டி அவல் ஒரு கிலோ, அரிசி சேவை பாக்கெட், வறுத்த ரவைல தாளிச்சு வச்ச உப்புமா மிக்ஸ், பருப்புப் பொடி, நாரத்தங்காய் ஊறுகா, ஒரு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, இவ்வளவும் பேக்ல வச்சுட்டேன். ராத்திரியே அவலைக் கழுவி வடிச்சு வச்சுட்டு, காலைல கொஞ்சம் சுடுதண்ணி தெளிச்சு, அஞ்சு நிமிஷம் மூடி வச்சு, பொடியும் எண்ணெயும் போட்டுப் பிசைஞ்சா பூ மாதிரி வருமுங்க. உப்புமா மிக்ஸுக்கு தண்ணி தளதளன்னு கொதிக்கோணும், ஊத்தி மூடிட்டா பத்து நிமிஷம். குழந்தைகளுக்குப் பால், வாழைப்பழம், பிரெட் எல்லாம் ஃபேர்பிரைஸ் கடைல வாங்கிக்கலாம், எல்லா ஏரியாலயும் ஒன்னு இருக்கும். அஞ்சு பேருக்கு காலைல பத்து வெள்ளி தாண்டாதுங்க. ஹோட்டல்ல காலை டிபனோட ரூம் எடுத்தா ஒரு ஆளுக்கே அதை விட அதிகம், அதுலயும் அம்மா சாப்பிடற மாதிரி பழமும் பிரெட்டும்தான் இருக்கும், அதனால டிபன் இல்லாத ரேட்டா பாருங்க.

இன்னொன்னுங்க, லிட்டில் இந்தியால எந்தச் சைவக் கடைலயும் வெறும் சோறு மட்டும் பார்சல் தருவாங்க, தயிர் டப்பா பக்கத்துக் கடைல கிடைக்கும். சாயங்காலம் வெளிய போகுறதுக்கு முன்னாடி தயிர் சோறு பிசைஞ்சு டப்பால எடுத்துக்கிட்டா, சின்னக் குட்டிக்கும் பாட்டிக்கும் எங்க பசிச்சாலும் கவலை இல்லீங்க. அவங்க ரெண்டு பேரும் பசியாறிட்டாலே நம்ம நிம்மதியா ஊர் பாக்கலாம்.

தேக்காப்பக்கம்:

அம்மிணி சொன்னதுக்கு ஒரு எச்சரிக்கை சேத்துக்கறேன். குருமாப் பொடி, மசாலாப் பொடி வீட்டுல அரைச்சு எடுத்துட்டு வந்தா அதுல கசகசா இருக்கக் கூடாது. ஊர்ல அது மளிகை சாமான், இங்க தடை செஞ்ச பொருள், போதைப்பொருள் சட்டத்துல வருது. அம்மாங்க அன்பா ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்து விடுவாங்க, பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. சூயிங் கம், வாயில போடுற புகையிலை, மின் சிகரெட் இதுவும் கூடாது. கறி, மீன் சேர்ந்த எதுவும் எடுத்துட்டு வர வேணாம்.

துவாஸ்_தம்பி:

வணக்கம்ணே. நான் ஒரத்தநாடு பக்கம், இங்க துவாஸ்ல கப்பல் வேலை. எங்க ஆளுங்க எப்படி சாப்பிடுறோம்னு சொன்னா உங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

தேக்கா நிலையத்துக்கு கண்டிப்பா போங்க. லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல இறங்கி வெளிய வந்தாலே பஃபலோ ரோடு, எதிர்லயே இருக்கு. கீழ ஒரு பக்கம் மீன், காய்கறி மார்க்கெட், இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கடைங்க, மேல துணிக்கடை. பரோட்டா கடைல அண்ணன் மாவை வீசி விரிச்சு, மடிச்சு, கல்லுல போட்டு, ரெண்டு கையாலயும் தட்டிப் பொலபொலன்னு உதுத்து தட்டுல வப்பாரு, சின்னக் கிண்ணத்துல குழம்பு சேத்துத் தருவாங்க, அதுக்கு தனி காசு கிடையாது. 'கோசோங்'னு கேட்டா உள்ள எதுவும் வைக்காத வெறும் பரோட்டா, ஒன்னரை வெள்ளிக்கு அங்க இங்க இருக்கும். உங்க சின்னத் தம்பிக்கு குழம்பு வேணாம்னா சீனி கேளுங்க, இங்க பிள்ளைங்க எல்லாம் சீனி தொட்டுத்தான் சாப்பிடும். பிரியாணி ஆறேழு வெள்ளிக்கு உங்களுக்கும் அண்ணிக்கும் தாராளமா போதும், அளவு அதிகம், ரெண்டு பேருக்கு ஒன்னு வாங்கிட்டு பத்தலைன்னா அடுத்தது வாங்கிக்கலாம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் அம்மாவை அந்தப் பக்கம் கூட்டிட்டு வராதீங்கண்ணே. வாரம் முழுக்க வேலை பாத்துட்டு எங்க ஆளுங்க எல்லாரும் அன்னைக்குத்தான் வருவோம், ஊருக்குப் பணம் அனுப்ப, சாமான் வாங்க, கூட்டாளிங்களைப் பாக்க. நடக்க இடம் இருக்காது, கடைல உக்கார இடம் கிடைக்காது. எங்களுக்கு அது ஒரு நாள்தான் கிடைக்குது. நீங்க வார நாள்ல வந்தீங்கன்னா நிதானமா சாப்பிடலாம்.

உறையூர்வாசி:

தம்பி ரொம்ப நன்றிப்பா. நீங்க எழுதினதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், ஒரத்தநாடாப்பா, வந்தா அந்தப் பிள்ளையைப் பாக்கணும்னு சொன்னாங்க. தேக்கால கறி வாசனை இருக்குமே, அம்மா அங்க உக்காருவாங்களா தெரியல.

தேக்காப்பக்கம்:

அம்மாவுக்கு அங்க வேணாம். சிராங்கூன் ரோட்டுல சுத்த சைவக் கடைங்க வரிசையா இருக்கு. ஆனந்த பவன் 1924ல ஆரம்பிச்சது, கோமள விலாஸ் 1947. எங்க தாத்தா காலத்துல இருந்து சாப்பிட்டு வர்ற கடைங்க. தோசை, இட்லி, சாப்பாடு எல்லாம் உங்க ஊர் மாதிரியே இருக்கும், விலை தேக்காவை விட ஜாஸ்தி, இருந்தாலும் ஏசில உக்காந்து அம்மா நிம்மதியா சாப்பிடுவாங்க. சாப்பாடு ஒன்னு வாங்கினா பெரியவங்களுக்கு வயிறு நிறையும்.

சீன சைவக் கடை பத்தி யாரும் சொல்லல. புத்த மதத்துக்காரங்க நடத்துறது, பெரும்பாலும் வெங்காயம் பூண்டு கூட சேக்க மாட்டாங்க. நிறைய உணவங்காடில (தேக்கா மாதிரி பல சாப்பாட்டுக் கடைங்க ஒன்னா இருக்கற இடம்) ஒரு கடையாவது இருக்கும். மிடில் ரோட்டுல ஃபார்ச்சூன் சென்டர்னு ஒரு கட்டடம், உள்ள சைவக் கடைங்க நிறைய. அங்க இருந்து கொஞ்ச தூரம் நடந்தா வாட்டர்லூ ஸ்ட்ரீட்ல கிருஷ்ணன் கோயில், ஒட்டினாப்புல குவான் இம் சீனக் கோயில். சீனங்க அங்க கும்பிட்டுட்டு நம்ம கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏத்திட்டுப் போவாங்க. அம்மாவுக்கு அதைக் காட்டுங்க, சந்தோஷப்படுவாங்க. ஒரு விஷயம் மட்டும்: தட்டுல கறி, மீன் மாதிரியே உருவத்துல சோயா, காளான்ல செஞ்சு வச்சிருப்பாங்க. முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா பாத்ததும் எழுந்துடுவாங்க. காய், தவ்வு (டோஃபு), நூடுல்ஸ் கை காட்டி வாங்கிக்கலாம்.

சைவக் கடை இல்லாத இடத்துல 'வெறும் காய்'னு வாங்காதீங்க. கீரை வதக்கல்லயே பெலாச்சான் இருக்கும், அது இறால் விழுது. சிப்பி சாஸ் ஊத்தியிருப்பாங்க. கண்ணுக்குத் தெரியாது.

பெசாவரம்:

கோயில்ல அன்னதானம் உண்டுன்னு கேள்விப்பட்டேன், அதை வச்சு ஒரு வேளை செலவை மிச்சம் பண்ணலாமா?

தேக்காப்பக்கம்:

கோயில்ல சாப்பாடு போடுற நேரத்துல நீங்க இருந்தா பிரசாதமா உக்காந்து சாப்பிடுங்க, யாரும் யாருன்னு கேக்க மாட்டாங்க. டவுனர் ரோட்டுல சீக்கியர் கோயில்லயும் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு, அதுவும் சைவம். ஆனா அதை பட்ஜெட்ல ஒரு வரியா போடாதீங்க தம்பி. வேலை போய் நிக்கிறவங்க, சம்பளம் வராத பிள்ளைங்க அதை நம்பி வர்றாங்க. சாப்பிட்டா உண்டியல்ல முடிஞ்சதைப் போடுங்க, இல்ல தட்டு கழுவ, பரிமாற ஒரு கை குடுங்க.

கணக்கர்:

நான் சென்னை, கணக்கு வேலை, அதனால பில்லு பத்தி மட்டும் சொல்றேன். ரெஸ்டாரன்ட் மெனுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி போட்டிருந்தா உஷாரா இருங்க. மெனுல 100 வெள்ளின்னா 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேந்து 110, அதுக்கு மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 119 வெள்ளி 90 காசு. ஜிஎஸ்டி 2024 ஜனவரில இருந்து 9 ஆயிடுச்சு, பழைய யூட்யூப் வீடியோல சொல்ற கணக்கெல்லாம் மாறிப்போச்சு. ஹோட்டல் ரூமுக்கும் அப்படித்தான், வரி எல்லாம் சேந்த கடைசித் தொகையை வச்சு ஒப்பிடுங்க. உணவங்காடில போர்டுல போட்ட விலைதான் குடுக்குற விலை.

சில ரெஸ்டாரன்ட்ல உக்காந்ததும் ஈர டிஷ்யூவும் வேர்க்கடலையும் கொண்டு வந்து வைப்பாங்க, அது இனாம் இல்ல, பில்லுல வரும். வேணாம்னா அப்பவே எடுத்துட்டுப் போகச் சொல்லலாம், தப்பா நினைக்க மாட்டாங்க. தண்ணி பாட்டில் வாங்கவே வாங்காதீங்க. குழாய்த் தண்ணி நேரா குடிக்கலாம், ஊர்ல இருந்து ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போய் ரொப்பிக்குங்க. அஞ்சு பேர் அந்த வெயில்ல குடிக்கிற தண்ணிக்கே நாளைக்கு பத்து பதினஞ்சு வெள்ளி மிச்சம்.

சாப்பாட்டுக் கணக்கு: காலைல ரூம்ல 10, மதியம் உணவங்காடில 25-30, ராத்திரி சைவ ஹோட்டல்ல 40-50, நடுவுல காப்பி, பழம், ஐஸ்கிரீம் 10. ஆக அஞ்சு பேருக்கு 85-100 வெள்ளி. மதியம் ராத்திரி ரெண்டு வேளையும் ரெஸ்டாரன்ட்னு போனா இது சுலபமா 150 தாண்டும்.

எம்ஆர்டிக்கு நம்ம ஊர் வங்கிக் கார்டைத் தட்டிப் போகலாம், ஆனா வெளிநாட்டுக் கார்டுக்கு பயன்படுத்துற ஒவ்வொரு நாளும் 60 காசு கட்டணம் உண்டு, ஒரு கார்டுல ஒரு ஆள்தான் போக முடியும். பஸ், எம்ஆர்டிக்குன்னே இருக்கற ஈஸி லிங்க் கார்டு 10 வெள்ளி, அதுல 5 வெள்ளி பயணத்துக்கு. சில நாள் தங்குறீங்கன்னா ஆளுக்கு ஒன்னு வாங்கிடுங்க. 7 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு இலவசம், பையன் 90 சென்டிமீட்டருக்கு மேல உயரம்னா ஸ்டேஷன் டிக்கெட் ஆபீஸ்ல பாஸ்போர்ட் காட்டி சலுகைக் கார்டு கேளுங்க.

துவாஸ்_தம்பி:

அண்ணே இன்னொன்னு. மெரினா பே, சென்தோசா பக்கம் போற அன்னைக்கு சாப்பாடு யோசிச்சு வச்சுக்குங்க. சென்தோசா உள்ள எல்லாம் விலை. ஹார்பர்ஃப்ரன்ட் ஸ்டேஷன்ல இறங்குனதும் வீவோசிட்டி மூணாவது மாடில ஃபுட் கோர்ட் இருக்கு, அதை விட மலிவு ரோட்டைத் தாண்டி எதிர்ல சியா இம் உணவங்காடி. அங்க வயித்தை ரொப்பிட்டு, நடைபாதைப் பாலத்துலயே நடந்து தீவுக்குப் போகலாம்.

வீவக பிளாக்குங்களுக்கு கீழ இருக்கற காப்பிக்கடைங்கள்ல 'பட்ஜெட் மீல்'னு போர்டு இருக்கும், மூணு மூணரை வெள்ளிக்கு ஒரு தட்டு. 'பட்ஜெட் மீல் கோ வேர்'னு அரசாங்க வெப்சைட்லயே எந்தக் கடைன்னு பாக்கலாம். டூரிஸ்ட் யாரும் அங்க வர்றதில்ல, ஆனா நல்லா இருக்கும்.

தேக்காப்பக்கம்:

தம்பி சொன்னது சந்தோஷமா இருக்கு, எங்க ஊரோட உசுரே அந்தக் காப்பிக்கடையும் உணவங்காடியும்தான். முன்னாடி எல்லாம் தெருவுலயே தள்ளுவண்டில வித்தாங்க, எழுபதுகள்ல அரசாங்கம் தண்ணி, கழிவுநீர் வசதியோட நிலையம் கட்டி உள்ள கொண்டு வந்துச்சு. பழைய வியாபாரிங்களுக்கு வாடகை கம்மி, அதனாலதான் இவ்வளவு விலை அதிகமான ஊர்ல இன்னும் அஞ்சு வெள்ளிக்கு சாப்பாடு கிடைக்குது. 2020ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேத்தாங்க. கடைக்காரர் காலைல நாலு மணிக்கு வந்து அடுப்பு பத்த வைக்கிறவர், அம்பது காசுக்கு பேரம் பேசாதீங்க. சாப்பிட்ட தட்டை நீங்களேதான் எடுத்துட்டுப் போய் அதுக்குரிய இடத்துல வைக்கணும், வைக்கலன்னா அபராதம் கூட உண்டு. ஹலால் தட்டுக்குத் தனி இடம் இருக்கும், பாத்து வைங்க. மேசைல ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் இருந்தா அந்த இடம் பிடிச்சாச்சுன்னு அர்த்தம். சில்லறை வெள்ளி கைல வச்சுக்குங்க, சின்னக் கடைல வெளிநாட்டுக் கார்டு எடுக்க மாட்டாங்க.

உறையூர்வாசி:

எல்லார்கிட்டயும் பேசின மாதிரியே இருக்கு. ஃபேரர் பார்க் பக்கத்துல ஒரு ஹோட்டல்ல ட்ரிப்பிள் ஒன்னு, டபுள் ஒன்னு, ரெண்டுலயும் ஜன்னல், லிஃப்ட் உண்டு, அடுத்தடுத்த ரூமா தர்றோம்னு மெயில்ல எழுதிக் குடுத்துட்டாங்க. வரியோட ராத்திரிக்கு 250 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழ வருது. நான் நினைச்சதை விட அதிகம்தான், ஆனா சாப்பாட்டுல மிச்சம் ஆகறதைப் பாத்தா மொத்தத்துல தாங்கும். மனைவி இப்பவே அவல், சேவை லிஸ்ட் போட ஆரம்பிச்சாச்சு. கடைசியா ஒன்னு. ஃப்ளைட் விடிகாலைல இறங்குது, ரூம் மதியம் ரெண்டு மணிக்குத்தான். அது வரைக்கும் அம்மாவை எங்க வச்சுக்கறது?

தேக்காப்பக்கம்:

அவசரப்பட்டு ஏர்போர்ட்டை விட்டு வெளிய வராதீங்க தம்பி. சாங்கில பாத்ரூம் சுத்தமா இருக்கும், உக்கார இடம் தாராளம், முகம் கழுவி, அவல் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுட்டு கொஞ்சம் கண்ணசரட்டும். பிள்ளைங்களுக்கு ஏர்போர்ட்லயே இருக்கற ஜுவெல் மால்ல அருவியைக் காட்டுங்க, தண்ணி எப்ப விழ ஆரம்பிக்கும்னு நேரம் பாத்துக்குங்க, கிட்ட நின்னு பாக்க காசு இல்ல.

டாக்ஸின்னா சாதாரண வண்டில நாலு பேர்தான் ஏத்துவாங்க, நீங்க அஞ்சு பேரு, வரிசைல நிக்கும்போதே ஆறு சீட் வண்டி கேளுங்க. அம்மா முட்டிக்கு அன்னிக்கு ஒரு நாள் அந்த செலவு பண்ணலாம். எம்ஆர்டின்னா எக்ஸ்போ ஸ்டேஷன்ல மாறி டவுன்டவுன் லைன்ல ஜாலான் புசார் வரலாம், ஆனா பெட்டியோட அங்க இருந்து நடக்கணும். ஹோட்டல்ல பெட்டியை மட்டும் வச்சுட்டு, பக்கத்துலயே சீனிவாசப் பெருமாள் கோயில், காலைல திறந்திருக்கும், அம்மா கும்பிட்டுட்டு உள்ள உக்காந்திருக்கலாம். அப்படியே சைவக் கடைல ஒரு காப்பி. சீக்கிரம் ரூம் ரெடியானா குடுங்கன்னு ரெண்டு நாள் முன்னாடியே ஹோட்டலுக்கு மெயில் போட்டு, வயசானவங்க கூட இருக்காங்கன்னு எழுதுங்க. நிறைய தடவை பன்னெண்டு மணிக்கே குடுத்திருக்காங்க.

கோவை_அம்மிணி:

அரைவல் கார்டு மறந்துராதீங்க. இறங்குறதுக்கு மூணு நாள் முன்னாடி இருந்து போடலாம், குழந்தைகளுக்கும் சேத்துப் போடோணும். ஐசிஏங்கற இமிக்ரேஷன் துறையோட அரசாங்க வெப்சைட்ல அதுக்கு ஒத்தை ரூபா கிடையாதுங்க. கூகுள்ல தேடுனா காசு கேக்கற வெப்சைட்தான் மேல வருது, அதுல கட்டிராதீங்க.